தாவரத்திலிருந்து ரசாயனம்: புதியவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

வைக்கோல், சோளத்தட்டை, மரத்தூள் இவற்றிலிருந்து பெட்ரோலிய ரசாயனங்களுக்கு மாற்று தயாரிக்க வரும் புதியவர்களின் திட்டங்களை அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கலனைச் சுத்தமாக வைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜிப்சத்தைக் கணக்கில் சேர்க்காதது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சர்க்கரையை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறோம் என்று வையுங்கள். அமிலம் சேரச் சேர பிஎச் இறங்கும், பாக்டீரியா சோர்ந்துவிடும். அதனால் சுண்ணாம்பு சேர்த்து பிஎச்சை 6 பக்கம் பிடித்து நிறுத்துவார்கள். அறிக்கையில் விளைச்சல் பிரமாதமாக இருக்கும். ஆனால் கலனில் இருப்பது அமிலம் அல்ல, கால்சியம் லாக்டேட். அமிலம் வேண்டுமென்றால் கந்தக அமிலம் ஊற்றியாக வேண்டும். ஊற்றினால் ஜிப்சம் படியும். 180 கிலோ லாக்டிக் அமிலத்துக்கு 172 கிலோ ஜிப்சம், கிட்டத்தட்ட டன்னுக்கு டன். சக்சினிக் அமிலம் இன்னும் மோசம்: 118 கிலோவுக்கே அதே 172 கிலோ.

ஒரு குழுவிடம், வடிகட்டித் துணியில் அப்பிக்கிடந்த வெள்ளைச் சேற்றைக் காட்டி, "இது எங்கே போகும்?" என்று கேட்டேன். "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். திட்டம் மூழ்குவதே அந்த அப்புறத்தில்தான். சுண்ணாம்பும் கந்தக அமிலமும் காசு கொடுத்து வாங்கியவை, இரண்டுமே திரும்பி வராது. சேற்றோடு கொஞ்சம் லாக்டிக் அமிலமும் போய்விடும்.

நுண்ணுயிரைத் தேர்ந்தெடுக்கும்போதே பிரித்தெடுக்கும் வழியையும் முடிவு செய்யுங்கள். லாக்டிக் அமிலத்தின் பிகேஏ (பாதி அமிலமாகவும் பாதி உப்பாகவும் இருக்கும் பிஎச்) 3.86. குறைந்த பிஎச்சைத் தாங்கும் ஈஸ்ட்டைக் கொண்டு அதற்குக் கீழே ஓட்ட முடிந்தால், பாதிக்கு மேல் அமிலமாகவே கிடைக்கும். சுண்ணாம்பும் அந்த அளவுக்குக் குறையும்.

பாட்டில் குளுக்கோஸை நம்புவது

சுத்தமான குளுக்கோஸில் நன்றாக வேலை செய்யும் ஈஸ்ட், நிஜ வைக்கோல் சாற்றில் படுத்துவிடும். அமிலமும் வெப்பமும் கொடுத்து வைக்கோலை உடைக்கும்போது ஃபர்ஃபுராலும் அசிட்டிக் அமிலமும் கூடவே வருகின்றன. இரண்டும் ஈஸ்ட்டுக்கு ஆகாது. (ஃபர்ஃபுரால் தன்னளவில் நல்ல சரக்குதான். 1920களிலேயே ஓட்ஸ் உமியிலிருந்து தொழிற்சாலை அளவில் எடுத்தார்கள்.) தவிர, வைக்கோல் சாற்றில் குளுக்கோஸோடு சேர்ந்து வரும் இன்னொரு சர்க்கரையான சைலோஸை ரொட்டி ஈஸ்ட் இயல்பாக நொதிக்காது. முதல் வாரத்திலிருந்தே நிஜச் சாற்றில் சோதியுங்கள்.

ஆக்ஸிஜனை மறப்பது

குளுக்கோஸின் எடையில் பாதிக்கு மேல் ஆக்ஸிஜன். எத்திலீனில் ஆக்ஸிஜனே கிடையாது. அதனால் குளுக்கோஸை எத்தனால் வழியாக எத்திலீன் ஆக்கினால், கிலோவுக்கு 311 கிராம்தான் கோட்பாட்டு உச்சம். ஆக்ஸிஜனைத் தன்னிலேயே வைத்துக்கொள்ளும் லாக்டிக் அமிலமாக்கினால் முழுக் கிலோவும் நிற்கும்.

ஈரம்

மூலப்பொருளின் உலர் எடையில் மட்டும் விளைச்சல் சொல்லுங்கள்.

லிக்னினை வருமானமாக எழுதுவது

லிக்னின் என்பது தாவரத்தை விறைப்பாக நிறுத்தும், சர்க்கரையாகாத பகுதி. வாங்குபவர் கையெழுத்துப் போடும்வரை அது கொதிகலன் எரிபொருள்தான்.