வீட்டு அறைக்கு நீங்களே கார்ப்பெட் போடலாம்: ஒன்றரை நாள் வேலை

காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஏசி வைத்த பிறகு, விடிகாலையில் ரெட் ஆக்சைடு தரையில் கால் வைக்க முடியவில்லை. அப்பத்தாவுக்கு மூட்டு வலி வேறு. கார்ப்பெட் வாங்கி நானே போட்டேன். முதல் தடவை ஒரே மதியத்தில் முடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதியைப் பிரித்து மறுபடி போட்டேன். எந்த இடத்தில் வேகமாகப் போகலாம், எந்த இடத்தில் கூடாது என்பது அப்போதுதான் பிடிபட்டது.

நான் போட்டது 2 மீட்டர் அகல ரோல், வெல்வெட் மாதிரி லேசாக முடி எழும்பிய மெல்லிய சின்தெடிக் ரகம். வீடியோக்களில் சுவரோரம் ஆணிப்பட்டை அடித்து, முழங்காலால் உதைத்து இழுத்துப் போடுவார்கள். அது கனமான கார்ப்பெட்டுக்கு. ரெட் ஆக்சைடு தரையில் ஆணி அடித்தால் தரைதான் விரியும்.

அளவு. அறை 12க்கு 14 அடி என்று ஓர் ஓரம் மட்டும் அளந்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். மூலைமட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாக, 18 அடி 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். எனக்கு இரண்டரை அங்குலம் வித்தியாசம் வந்தது. பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு ஏறி ஏறிச் சுவர் எங்கே நேராக இருக்கப்போகிறது? அதனால் நீளத்தில் இரண்டு முனையிலும் 3 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். 12 அடி அகலத்துக்கு இரண்டு துண்டு வேண்டும். இரண்டும் ஒரே ரோலில் வெட்டியதாக இருக்கட்டும். வேறு ரோல் என்றால் நிறம் ஒரு சாயல் மாறிவிடும்.

விரித்துப் போடுதல். முந்தின நாள் இரவே அறையில் விரித்து விடுங்கள். சுருட்டின வளைவு படியும். நீங்கள் தூங்கும்போது நடக்கிற வேலை இது.

முடி சாயும் திசை. நான் விழுந்தது இங்கேதான். ஒரு துண்டின் ஓரம் கொஞ்சம் நைந்திருந்தது. அது சுவர்ப் பக்கம் போகட்டும் என்று அந்தத் துண்டைத் தலைமாற்றிப் போட்டேன். ஒட்டி முடித்து விளக்கைப் போட்டால் பாதி அறை கருநீலம், பாதி அறை வெளிர்நீலம்! வெயில் பட்டு வெளுத்ததோ, கடைக்காரர் ஏமாற்றினாரோ என்று குழம்பினேன். அந்தக் காலத்தில் தையல் மெஷின் வைத்திருந்த அப்பத்தா, வாசல்படியில் நின்றபடியே சொல்லிவிட்டார்: "வெல்வெட்டு வெட்டத் தெரியாதவன் பாவாடை தைச்ச மாதிரியில்ல இருக்கு. ஒரு துண்டைத் திருப்பிப் போட்டுட்டியேப்பா."

அதுதான் விஷயம். கையால் ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாகவும், எதிர்ப்பக்கம் தடவினால் முரடாகவும் இருக்கும். வழவழப்பாகப் போகிற திசைதான் முடி சாயும் திசை. எல்லாத் துண்டிலும் அது ஒரே பக்கம் பார்க்க வேண்டும். வெட்டும் முன்பே முதுகில் சாக்பீஸால் அம்புக்குறி போடுங்கள். விரித்த பிறகு முதுகு தெரியாது என்பதால், மேல்பக்கம் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி அதிலும் ஒரு அம்பு.

இணைப்பு. இரண்டு துண்டையும் நடுவில் 2 அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வையுங்கள். அலுமினியப் பட்டையை மேலே அழுத்தி, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். அடியில் ஒரு பழைய ஹார்ட்போர்டு துண்டை நகர்த்திக்கொண்டே வந்தால் தரையில் கீறல் விழாது. மெல்லிய கார்ப்பெட்டுக்கு இந்த முறை போதும், இடைவெளியே தெரியாது. பிளேடை நான்கு அடிக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மொட்டை பிளேடு வெட்டாது, பிய்க்கும். எனக்கு இந்த 14 அடிக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆகட்டும்.

ஒட்டுதல். தரை முழுக்க ரப்பர் பசை பூசச் சொல்வார்கள். நான் மாட்டேன். பின்னால் எடுக்கும்போது தரை பாழாகும். அந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். வாடையும் தாங்காது. சுவரோரம் நான்கு பக்கமும், இணைப்பின் அடியிலும் அகலமான இருபக்க டேப் போதும். தரையில் துளி தூசி இருந்தாலும் டேப் பிடிக்காது. டேப் ஒட்டுவது வேகமாகச் செய்யலாம், அரை மணி நேர வேலை.

சுவரோரம். கொத்தனார் கரணையால் மூலைக்குள் அழுத்தி மடிப்பு விழவைத்து, அந்த மடிப்பின் மேல் வெட்டுங்கள். கரணையை விட நல்ல கருவி இதற்கு இல்லை. கட்டில் மறைக்கிற பக்கத்தில் முதலில் வெட்டிக் கை பழகிக்கொள்ளுங்கள். அங்கே கோணினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

கதவு உள்பக்கம் திறந்தால், வாங்கும் முன்பே சாம்பிள் துண்டை அடியில் வைத்துத் திறந்து பாருங்கள்.

பின்னால் சேர்த்தது: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். டேப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். அது சூளையில் சுட்ட கல் இல்லை, கண்ணாடி மேல் வார்த்த சிமென்ட் கல். பசையை உறிஞ்சிக் கறை ஏறும். ஓரம் தைத்த விரிப்பைச் சும்மா விரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கீழ்வீட்டு அறையில் போட்டவர் ஒருவருக்கு ஐப்பசி மழையில் நாற்றம் எடுத்துவிட்டதாம். தரையில் ஓதம் இருக்கிறதா என்று முன்பே பார்க்க, இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் அந்த அறைக்குக் கோரைப்பாய்தான்.