தூக்குப் பாலம் செய்யும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் மட்டக்களப்புக் கல்லடியில் மோட்டர் வைண்டிங் செய்கிறவன். தண்ணி மோட்டர், ஃபேன், இவைதான் தொழில். ஆனால் பாடசாலைக் கண்காட்சிக் காலம் வந்துவிட்டால் பின்னேரங்களில் பட்டறை வாசல் சைக்கிள்களால் நிறைந்துவிடும். கரியரில் ஐஸ்பழக் குச்சியிலோ ரெஜிபோமிலோ செய்த ஒரு பாலம் கட்டியிருக்கும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து எல்லாருக்கும் தூக்குப் பாலம்தான் வேண்டும். அதிலே பஸ்ஸும் போக வேண்டும், கோச்சியும் (ரயிலும்) போக வேண்டும், கப்பல் வந்தால் எழும்பவும் வேண்டும்.

ஆசை நல்லதுதான். ஆனால் நாங்கள் படிக்கிற காலத்தில் விட்ட பிழைகளை இவர்களும் அப்படியே விடுகிறார்கள். பசை காயமுன் தூக்கிப் பார்ப்பது, வயரை மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்துவார்கள்.

பாம்பன் என்று பெயர்ப்பலகை வைப்பது

பாம்பனில் எழும்பும் பாலத்தில் ரயில் மட்டும்தான் போகும். வாகனங்கள் போவது பக்கத்தில் உயரமாக நிற்கிற வேறொரு பாலத்தில். 1988இல் திறந்த அந்தப் பாலம் அசையாது. 1914இன் பழைய ரயில் பாலமும் நேராக மேலே எழும்பவில்லை. அது ஷெர்சர் முறை, நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, பின்பக்கம் உருண்டு நிமிரும். நேராக மேலே போவது புதியதுதான். 72.5 மீற்றர் நீளமுள்ள நடுத்துண்டு 17 மீற்றர் உயரம் ஏறும். பிள்ளைகள் ஒட்டியிருக்கும் படம் பழையது, பொறி புதியது, மேலே பஸ் வேறு. நடுவர் என்னவென்று விளங்கிக்கொள்வார்?

வாகனத்தையும் ரயிலையும் சேர்த்துத் தூக்கும் பாலம்தான் வேண்டுமென்றால் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1912இல் கட்டிய ஸ்டீல் பாலத்தைப் பாருங்கள். கீழ்த்தட்டில் ரயில், மேல்தட்டில் வாகனங்கள். சின்னக் கப்பலுக்குக் கீழ்த்தட்டு மட்டும் தனியாக மேலே போகும், மேல்தட்டில் வாகனங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய கப்பல் வந்தால்தான் இரண்டும் எழும்பும். அதை மாதிரியாகச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை, வீடியோவையாவது பாருங்கள். ஒரே தட்டில் வாகனமும் கோச்சியும் மாறி மாறிப் போவதைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலத்தில் கோச்சி போகும்வரை கரையில் காத்து நின்றவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

மோட்டர்தான் பாலத்தைத் தூக்குகிறது என்று நினைப்பது

“மாமா, இதவிடப் பெரிய மோட்டர் இருக்கா?”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பிள்ளைகள் மேலல்ல. பெரிய மோட்டரை வாங்கிக் கொடுத்துப் பிரச்சினையை முடித்துவிடும் தகப்பன்மார் மேல்.

தூக்குப் பாலத்தில் மோட்டருக்குச் சின்ன வேலைதான். பாரத்தைச் சுமப்பது எதிர்ப்பாரம். கிணற்றுத் துலாவின் அடியில் கல் கட்டுவது ஏன்? அதே கணக்குத்தான் இங்கும். நடுத்தட்டின் நான்கு மூலையிலிருந்தும் கயிறு கோபுர உச்சிக்குப் போய், கப்பியில் வளைந்து, மறுபக்கம் எதிர்ப்பாரத்தில் முடியும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எடை. அதனால் மோட்டர் வெல்ல வேண்டியது கப்பியின் உராய்வு, காற்று, அசையத் தொடங்கும்போது வரும் கொஞ்சத் தயக்கம், அவ்வளவுதான். எதிர்ப்பாரம் இல்லாமல் முழுத் தட்டையும் மோட்டரின் தலையில் கட்டினால் நாலு தரம் தூக்கும், ஐந்தாம் தரம் மணக்கும். அந்தக் கருகிய வார்னிஷ் மணம் எனக்குச் சோறு போடுகிற மணம், என்றாலும் பிள்ளைகளின் காசில் வேண்டாம்.

சரி, எதிர்ப்பாரம் வைத்தவர்களாவது தப்பினார்களா என்றால், இல்லை. ஒரு குழுப் பிள்ளைகள் வெறும் தட்டை வைத்து அழகாக எடை சமன் செய்தார்கள். விரல் பட்டாலே ஏறியது. சந்தோஷத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய் அதன்மேல் தார் ரோட்டுக்காகக் கறுப்பு மணல் ஒட்டி, தண்டவாளம் பதித்து, கைப்பிடிக் கம்பி வைத்து, இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தார்கள். கண்காட்சியில் அதிபர் சுவிச்சைப் போட்டார். தட்டு அரை அங்குலம் ஏறி, நடுங்கி, நின்றுவிட்டது. மோட்டரில் புகை. காரணம் யாருக்கும் விளங்கவில்லை, மோட்டர் விற்ற கடைக்காரருக்குத்தான் ஏச்சு விழுந்தது.

மணலும் பெயின்டும் எடைதான். உண்மையான பாலங்களிலும் இந்தத் தலையிடி உண்டு. தட்டுக்குப் புதிதாகத் தளம் போட்டால் எடை மாறும். அதற்காகவே எதிர்ப்பாரத்துக்குள் வெற்று அறைகள் விட்டு, கட்டைகளைப் போடவும் எடுக்கவும் வசதி வைக்கிறார்கள்.

ஆகவே எல்லா வேலையும் முடிந்து, பெயின்டும் காய்ந்த பிறகுதான் எடை பார்க்க வேண்டும். சீமெந்துக் கட்டி ஊற்றாதீர்கள், பிறகு குறைக்க முடியாது. வீச்சு வலையில் கோக்கும் ஈயமணி வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்ப்பாரப் பெட்டியைத் திறந்த வாயோடு செய்து, மோட்டரையும் கயிறு சுற்றும் அச்சையும் இணைக்கும் ரப்பர் பட்டியைக் கழற்றிவிட்டு, மணிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். தட்டை விரலால் பாதி உயரத்துக்கு உயர்த்தி விட்டால் அங்கேயே நிற்கும் ஒரு கட்டம் வரும். அங்கிருந்து ஒவ்வொன்றாக மணியை எடுங்கள். தட்டு மெல்ல, தானாக இறங்கி இருக்கையில் உட்காரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். தட்டு எப்போதும் ஒரு துளி பாரமாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயில் ஏறும்போது துள்ளும். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அது ஈயம்.

மூலைக்கு ஒரு மோட்டர்

நான்கு மோட்டரும் ஒரே வேகத்தில் ஓடாது. தட்டு சரிந்து கோபுரத்தில் இறுகும். ஒரே அச்சில் நான்கு கயிற்றையும் சுற்றுங்கள்.

தங்கூசி

கயிற்றுக்குப் பதிலாகத் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், கட்டினால் இழுபடும். வேண்டாம்.

கோபுரத்தைக் குட்டையாகச் செய்வது

தட்டு ஒரு சாண் ஏறினால் எதிர்ப்பாரம் ஒரு சாண் இறங்கும். அதற்கு இடம் விடுங்கள்.

சுவிச்சைப் போட்டதும் தட்டு எழும்புவது

பார்க்க வந்தவர்களுக்குத் தட்டு ஏறுவது மட்டும்தான் கண்ணில் படும். பாலத்தை இயக்குபவருக்கு வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். முதலில் ரயில் சிக்னல் சிவப்பாகும், ரோட்டின் இரு பக்கமும் தடை இறங்கும். தட்டின்மேல் யாரும் இல்லை என்று பார்த்த பிறகே பூட்டுகள் கழலும். கடைசியில்தான் தட்டு ஏறும். இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். தட்டு சரியாக உட்கார்ந்து பூட்டு விழாதவரை சிக்னல் பச்சைக்கு மாறவே முடியாதபடி ஒன்றோடொன்று பிணைத்திருப்பார்கள். ஏனென்றால் தண்டவாளம் கொஞ்சம் விலகி நின்றாலும் ரயில் தடம் புரளும். உங்கள் மாதிரியில் இதைச் செய்வது கஷ்டமில்லை. பூட்டு இருக்கும் இடத்தில் ஒரு சின்ன சுவிச்சை வைத்து, பச்சை பல்பின் வயரை அதன் வழியாகக் கொண்டுபோங்கள். நடுவர் முன்னால் பூட்டைக் கழற்றிக் காட்டுங்கள், பச்சை அணையும். பளபளக்கும் பெயின்டுக்குக் கிடைப்பதைவிட இதற்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும்.

கரண்டை நம்புவது

கண்காட்சி நாளில் ஒரு மண்டபத்துக்குள் எல்லாருடைய பிளக்கும் ஒரே பலகையில் குத்தியிருக்கும், கரண்ட் போகத்தான் செய்யும். அச்சின் நுனியில் ஒரு கைப்பிடி வைத்துவிடுங்கள். பழைய பாம்பன் பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். ரப்பர் பட்டியைக் கழற்றினால், ஈயமணிக் கணக்குச் சரியாக இருக்கும்பட்சத்தில், தரம் ஆறு படிக்கும் தங்கச்சியும் சுற்றலாம்.