சின்ன சென்சார் கேமரா வாங்கும் முன் லென்ஸோடு சேர்த்து எடை போடுங்கள்

"மாமா, கேமரா சின்னதா இருந்தா செலவும் குறையும்தானே?"

பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள். முதல் சம்பளத்தில் கேமரா வாங்கும் ஆசை. என்னால் சட்டென்று ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. எடையும் பணமும் பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா) விட லென்ஸில்தான் அதிகம் ஒளிந்திருக்கின்றன. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது.

படி 1: சென்சாரைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் பகுதிதான் சென்சார். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சுமார் 17.3×13 மி.மீ. பரப்பில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. ஏபிஎஸ்-சி என்ற அளவு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை 2008-ல் ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து அறிவித்தன. ஒருவர் லென்ஸ் இன்னொருவர் பாடியில் பொருந்தும். பழைய லென்ஸ் தேடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த வகைக்குத்தான்.

படி 2: இரண்டால் பெருக்குங்கள்

25 மி.மீ. லென்ஸை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் மாட்டினால், ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. காட்டும் காட்சிதான் தெரியும். இது எளிது. குழப்பம் எஃப் எண்ணில் வருகிறது. லென்ஸின் திறப்பைச் சொல்லும் எண் அது; எண் சின்னதானால் திறப்பு பெரிது.

எஃப் 1.8 என்றால் எந்த சென்சாரிலும் எஃப் 1.8-தான். அதே ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அமைப்பு) ஷட்டர் வேகம் மாறாது. ஆனால் முகத்துக்குப் பின்னால் இருப்பது எவ்வளவு மங்கும் என்று கேட்டால், எஃப் எண்ணையும் இரண்டால் பெருக்க வேண்டும். 25 மி.மீ. எஃப் 1.8 கொடுக்கும் மங்கல், ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப் 3.6 கொடுப்பது போலத்தான் இருக்கும். கடையில் லென்ஸ் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான். சென்சார் பரப்பு குறைவதால் இருட்டில் புள்ளிப்புள்ளியான இரைச்சலும் கூடும். விடியும் முன் கே.ஆர். மார்க்கெட்டில் பூக்கடைகளை எடுக்கப் போனால் இது நன்றாகத் தெரியும்.

படி 3: பாடியையும் லென்ஸையும் சேர்த்துக் கூட்டுங்கள்

ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 4, பேட்டரி, கார்டோடு 383 கிராம். அதில் 45 மி.மீ. எஃப் 1.8 மாட்டினால் இன்னும் 116 கிராம். மொத்தம் அரைக் கிலோ. முகம் எடுக்க அருமையான லென்ஸ். லால்பாகில் காலை முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது.

சரி, 25 மி.மீ. எஃப் 1.8 கொடுப்பதை விடப் பின்னணி இன்னும் மங்க வேண்டும் என்று 25 மி.மீ. எஃப் 1.2 வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அந்த லென்ஸ் மட்டும் 410 கிராம். கேமராவோடு 793. ஃபுல் ஃப்ரேமான கேனான் ஆர்8 461 கிராம், அதன் 50 மி.மீ. எஃப் 1.8 வெறும் 160, சேர்த்தால் 621. சின்ன சென்சார் கனமாகிவிட்டது! இரண்டால் பெருக்கிப் பார்த்தால் எஃப் 2.4; மங்கலிலும் அது பின்தங்குகிறது. லென்ஸ் விலையிலோ எஃப் 1.2 பல மடங்கு அதிகம். மங்கலைத் துரத்துகிறவர்களுக்குச் சின்ன சென்சார் மலிவான வழி அல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

பறவைகள் பக்கம் வந்தால் கணக்கு அப்படியே புரள்கிறது. பானாசோனிக் 100-300 மி.மீ. 520 கிராம், தரும் காட்சி 200-600. சோனியின் ஃபுல் ஃப்ரேம் 200-600 லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். சோனியில் வெளிச்சம் அதிகம் சேரும், உண்மைதான். ஆனால் ஏரியில் கூழைக்கடா இறங்கும்போது கேமரா கையில் இருக்க வேண்டும். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் இரண்டு கிலோ லென்ஸைத் தூக்கிப்போய்ப் பாருங்கள், மூன்றாவது வாரம் அது அலமாரியிலேயே இருக்கும். எனக்கு அதுதான் நடந்தது.

படி 4: மூன்று லென்ஸ் விலையை முதலிலேயே எழுதுங்கள்

தள்ளுபடி விலையில் கிடைக்கும் பாடியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றுக்கான லென்ஸ்களின் விலையைப் பாடி விலையோடு கூட்டுங்கள். பாடியை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம். நல்ல லென்ஸ் அதற்கப்புறமும் கூட வரும். அதனால் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் லென்ஸுக்கு ஒதுக்கச் சொல்வேன்.

படி 5: வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்

பெங்களூரில் கேமரா வாடகைக் கடைகள் உண்டு. ஒரு சனி, ஞாயிறு எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் வழியிலேயே நடங்கள். வீட்டுக்கு வந்ததும் படத்தோடு தோளையும் கவனியுங்கள்.

படி 6: பழைய லென்ஸ் என்றால் டார்ச் அவசியம்

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஓரிரு தூசி படத்தில் தெரியாது. அப்புறம் உங்கள் பாடியில் மாட்டி, ஃபோகஸ் தடுமாறாமல் போகிறதா என்று கிட்டத்திலும் தூரத்திலும் பாருங்கள்.

அக்கா மகளுக்கு ஆட்களின் முகங்கள்தான் பிடிக்கும், தினமும் மெட்ரோவில் போகிறவள். கடைசியில் பழைய 45 மி.மீ. எஃப் 1.8 ஒன்றைத்தான் டார்ச் அடித்துப் பார்த்து வாங்கினாள்.