அடிதடிப் படம் எடுக்கப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

கொஞ்ச நாளைக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் தெரிந்த தம்பி ஒருவன் தான் எடுத்த குறும்படத்தைப் போட்டுக் காட்டினான். மொத்தம் 14 நிமிடம், 8 கொலை. முதல் ஆள் விழும்போது நேரத்தைப் பார்த்தேன், படம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கமரா நல்லது, லைட்டிங் பரவாயில்லை, இரத்தம் தாராளம். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினோம். தேத்தண்ணி கொண்டுவந்த அவனுடைய அம்மா மட்டும் கதவடியில் நின்றபடி, "அந்தச் சிவப்பு டீசேர்ட் பிள்ளையை ஏனடா கொன்றவங்கள்?" என்று கேட்டார். "அவன் மற்ற கேங் அம்மா" என்றான். "அதுக்கு?" என்றார். தம்பி முழித்தான்.

நாங்கள் விடுகிற பிழைகளில் முக்கால்வாசி அந்த "அதுக்கு?"க்குள் வந்துவிடும். செத்தவன் யார், அவன் போனதால் யாருக்கு என்ன போனது என்று தெரியாவிட்டால் எட்டுப் பேர் விழுந்தாலும் எண்பது பேர் விழுந்தாலும் ஒன்றுதான், பார்க்கிறவன் போனை நோண்டத் தொடங்கிவிடுவான்.

முதல் பிழை அவசரம். ரீல்ஸ் பார்த்துப் பழகிய கை, மூன்று செக்கனில் ஏதாவது வெடிக்காவிட்டால் ஆள் போய்விடுவான் என்று பயம். ஆனால் 1995இல் வந்த 'பாட்ஷா'வை யோசித்துப் பாருங்கள், சனம் இன்றைக்கும் அதைப் போட்டுப் பார்க்கிறது. அந்த ஆட்டோக்காரரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள், அவர் பதிலுக்கு ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. எங்களுக்குத்தான் கை துறுதுறுக்கிறது. தங்கச்சி மேல் கை வைத்த பிறகு அவர் திருப்பி அடிக்கிற முதல் அடிக்குத் தியேட்டர் எழும்பியது, அடி பலமானது என்பதற்காக இல்லை, அதுவரை வாங்கின அடிக்கெல்லாம் நாங்கள் மனதுக்குள் கணக்கு வைத்திருந்தோம். 2019இல் வந்த 'கைதி'யிலும் இதே கதைதான். சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவன் பிரியாணியை அள்ளி அள்ளித் தின்கிற அந்தக் காட்சியும், அவன் இதுவரை கண்ணால் காணாத ஒரு மகள் எங்கேயோ காத்திருக்கிறாள் என்பதும் இல்லாவிட்டால், பிறகு நடக்கிற சண்டையெல்லாம் இரவு முழுக்க லொறி ஓட்டின கதையாகத்தான் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது ஹீரோவுக்கு வலிக்காமல் இருப்பது. இது என்னுடைய பரம எதிரி. இருபது பேரை அடித்துவிட்டுச் சேர்ட்டின் மடிப்புக் கலையாமல் நடந்து வருகிறான், பின்னால் ஏதோ எரிகிறது, சரி, உனக்கு ஒன்றும் ஆகாது என்றால் நான் ஏன் பயப்பட வேண்டும்? 1988இல் வந்த 'டை ஹார்ட்'டில் ஹீரோவுக்குக் காலில் சப்பாத்தே இல்லை. விமானத்தில் பக்கத்தில் இருந்தவர் சொன்ன பேச்சைக் கேட்டுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் கால் விரலை மடக்கிக்கொண்டு நின்றவன், அப்படியே மாட்டிக்கொள்கிறான். வில்லன் அதைக் கவனித்துவிட்டுக் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். பிறகு ஹீரோ குளியலறையில் இருந்து பாதத்திலிருந்து கண்ணாடியைச் சில்லு சில்லாகப் பிடுங்குவான் பாருங்கள், அந்தப் படத்தில் எத்தனை பேர் சுடுபட்டார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது, அந்தப் பாதம் மறக்கவில்லை.

கொரியப் படமான 'ஓல்ட்பாய்' (2003) ஒன்று போதும் இதற்கு. ஒரு நீட்டு நடைபாதை, ஒருத்தன் கையில் ஒரு சுத்தியல், எதிரே ஒரு கூட்டம். கமரா பக்கவாட்டில் மெல்ல நகர்கிறது, வெட்டே இல்லை, ஒரே ஷொட். அதை எடுத்து முடிக்க மூன்று நாள் பிடித்ததாம். நடுவில் அவன் முதுகில் கத்தி ஏறுகிறது. எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது, அடிக்கிறவனும் அடி வாங்குகிறவனும் கொஞ்ச நேரம் சும்மா நின்று மூச்சு எடுக்கிறார்கள். அந்த மூச்சுத்தான் விஷயம். எங்கள் ஆட்களுக்கு எப்போதும் மூச்சு வாங்குவதே இல்லை. நீங்கள் எப்போதாவது உண்மையாகச் சண்டை பிடித்திருக்கிறீர்களா? அரை நிமிடத்தில் கை தூக்க ஏலாது.

இதோடு ஒட்டினது வெட்டு வெட்டாக எடிட் பண்ணுவது. சண்டை தெரியாத நடிகனை மறைக்க ஒரு குத்துக்கு ஐந்து வெட்டு. யார் எங்கே நிற்கிறான், கதவு எந்தப் பக்கம், கத்தி யாரிடம் இருந்தது, ஒன்றும் விளங்காது, விளங்காத இடத்தில் பதற்றம் வராது, தலையிடிதான் வரும். ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1954இல் எடுத்த 'செவன் சாமுராய்' மூன்றரை மணித்தியாலம் கிட்ட ஓடுகிற படம். அதில் சண்டைக்கு முன்பே கிராமத்தின் வரைபடத்தை எங்கள் முன்னால் விரித்துவிடுவார்கள், வருகிற கொள்ளைக்காரர் 40 பேருக்கும் தாளில் வட்டம் போட்டு, ஒவ்வொருத்தன் விழ விழ அதை அடித்துக்கொண்டே வருவார்கள். இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று பார்க்கிறவனுக்கும் தெரியும். உங்களுக்கு வரைபடம் வேண்டாம். ஃப்ளாட்டில் எடுக்கிறீர்கள் என்றால் லிஃப்ட் எங்கே, படி எங்கே, எந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று முன்னமே ஒருத்தரை நடத்திக் காட்டிவிடுங்கள், யாராவது சாமான் பை தூக்கிக்கொண்டு வரட்டும், போதும்.

இனி இரத்தம். எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் கொலை திரையில் ஒரு நிமிடம்கூட வராது, ஆனால் அதை எடுக்க ஒரு கிழமை போனது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சொக்லட் சிரப் ஊற்றினார்கள். கத்தி உடம்பில் இறங்குவதை எவ்வளவோ பேர் பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள், போட்டுப் பாருங்கள், கத்தியும் கையும் அலறுகிற வாயும் தண்ணியும் மாறி மாறி வரும், குத்து பெரும்பாலும் எங்கள் தலைக்குள்தான் நடக்கிறது. 'ரிசர்வோயர் டோக்ஸ்'ஸில் (1992) ஒருத்தன் காதை அறுக்கிற நேரம் கமரா மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். அதைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனவர்கள் உண்டு, இத்தனைக்கும் அவர்களுக்குக் காட்டியது ஒரு சுவர்.

இதில் கொழும்புக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது, வசதி என்று சொல்லவே கூசுகிறது. எங்கள் சனத்துக்குப் பயத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இங்கே ஒரு காலத்தில் ஆட்களைக் கடத்திப் போனது வெள்ளை வேனில்தான். இரவு பத்து மணிக்கு ஒரு ஒழுங்கைக்குள் இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வேன் ஒன்று வேகத்தைக் குறைக்கிறது. அவ்வளவுதான். துவக்கு வேண்டாம், இரத்தம் வேண்டாம். அந்த வேன் நிற்காமல் போய்விட்டாலும் தியேட்டரில் ஒருவரும் அசைய மாட்டார்கள். இதை விட்டுவிட்டு எங்கள் பெடியள் என்ன செய்கிறார்கள்? கொட்டாஞ்சேனைப் பெடியன் கையில் அருவாளைக் கொடுத்து, "ஏலே" என்று கத்த வைக்கிறார்கள். மதுரைப் படம் மதுரைக்காரனுக்கு. இங்கே எவனும் அருவாளோடு பஸ் ஏறுவதில்லை. வாய்க்குள் இருக்கிற மொழியைக் கதைக்க விடுங்கள், "மச்சான், அண்ணன் உன்னை வரச் சொன்னவர்" என்று சிரித்துக்கொண்டு ஒருத்தன் சொன்னால் எனக்குக் குலை நடுங்கும்.

வில்லனும் அப்படித்தான், கத்தத் தேவையில்லை. 'நோ கன்ட்ரி ஃபோர் ஓல்ட் மென்' (2007) படத்தில் ஒரு பெட்ரோல் செட், கொலைகாரன் கடைக்காரக் கிழவரோடு கதைத்துக்கொண்டு, தின்று முடித்த பொட்டலத்தின் உறையைக் கசக்கி மேசையில் வைக்கிறான். அது தானாகச் சரசரவென்று விரிகிறது. அந்தச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. தூக்கலான பின்னணி இசை ஒன்று அங்கே இருந்திருந்தால் அந்த உறையின் உயிர் போயிருக்கும்.

சத்தத்தில்தான் நானே பெரிய பிழை விட்டேன். மெரைன் டிரைவ் பக்கம் ஒரு மாடி வீட்டில் எடுத்தோம், தம்பி தன் அண்ணனைக் குத்தப் போகிற காட்சி. கீழே கரையோர ரயில், பின்னேரம் என்றால் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் "கட்" சொல்லி, ரயில் போகும்வரை காத்திருந்து, கடைசியில் ஒரு துளி சத்தமில்லாத டேக் ஒன்றைப் பிடித்து, அதன் மேல் வயலின் வைத்தேன். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். 'கோட்ஃபாதர்' (1972) உணவகக் காட்சியை எத்தனை தரம் பார்த்தவன் நான்! மைக்கேல் சுடுவதற்குச் சற்று முன்னால், திரையில் எங்கேயும் தெரியாத ஒரு ரயிலின் இரைச்சல் அவன் மண்டைக்குள் ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போகும், சுட்டு முடிந்த பிறகுதான் இசை வரும். அந்த இரைச்சலை அவர்கள் தேடி எடுத்து ஒட்டினார்கள். எனக்கு ஜன்னலுக்குக் கீழே சும்மா கிடைத்தது, நான் அது போகட்டும் என்று நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குத்தின பிறகு என்ன என்பதையும் எடுங்கள். எங்கள் படங்களில் ஆள் விழுந்ததும் அடுத்த காட்சி. கை நடுங்குமே, சத்தி வருமே, கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் பார்ப்பானே. மேலே சொன்ன தம்பி எட்டுக் கொலையில் ஆறைத் தூக்கிவிட்டான். சிவப்பு டீசேர்ட் பெடியனுக்கு இப்போது ஒரு போன் கோல் வருகிறது, வீட்டிலிருந்து, வரும்போது பாண் வாங்கி வரச் சொல்லி. அம்மா இன்னும் பார்க்கவில்லை.

வேலைக் குறிப்பு இரண்டு. விளையாட்டுத் துவக்கோடு தெருவில் நிற்க முன் பக்கத்துப் பொலிசுக்கும் அயல் வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள், இந்த ஊரில் அது பகிடி இல்லை. இரத்தத்துக்குச் சிவப்புச் சோடா ஊற்றாதீர்கள், தண்ணிபோல ஓடிவிடும். கித்துள் பாணியில் (கித்துள் மரத்துப் பாகு) சிவப்புக் கலரிங் கொஞ்சம் கலந்தால் சரியான தடிப்பும் நிறமும் வரும், ஆனால் சேர்ட்டை அன்றைக்கே தோய்த்துவிடுங்கள், விடிய எறும்பு மொய்த்துவிடும்.