பங்குனி வெயிலில் தோட்டத்து வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்து புங்கன் இலையைக் கொட்ட ஆரம்பித்ததும் எங்கள் காங்கயம் பக்கம் சாயங்காலமானால் தோட்டத்துக்குத் தோட்டம் புகை கிளம்பும். வாசலைக் கூட்டி, சருகைக் குவித்து, ஒரு தீக்குச்சி. இந்தப் பருவத்தில் நடக்கும் தவறுகளிலேயே எனக்கு மிகவும் மனம் வலிப்பது இதுதான். ஐப்பசி கார்த்திகையில் பெய்ததுதான் நமக்கு மழை, அடுத்தது சித்திரையில் வரும் கோடை மழை, அதுவும் வந்தால் உண்டு, இடையில் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் காப்பாற்றப் போவது அந்தச் சருகுதான். சில வருடங்களுக்கு முன் நாங்களும் இப்படி எரித்தோம். காற்று திரும்பி, தீ கிளுவை வேலிக்குத் தாவி, முப்பது அடிக்கு வேலி கருகிப் போனது. அப்பாரு, அதாவது எங்கள் தாத்தா, காலத்தில் நட்ட வேலி அது.

அதனால் சருகை எரிக்காதீர்கள், மரத்தடியில் பரப்புங்கள். தென்னைக்கு என்றால் தூரிலிருந்து ஆறடி தூரம் வரை வட்டமாகத் தேங்காய் உரிமட்டையை அடுக்கலாம், ஒரு மரத்துக்கு நூறு மட்டை சரியாக இருக்கும். இதிலும் ஒரு தவறு நடக்கிறது. பலர் மட்டையை மல்லாக்கப் போட்டுவிடுகிறார்கள். முதுகு வானத்தைப் பார்க்க, நார்ப்பக்கம் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்துப் போட வேண்டும், அப்போதுதான் ஈரம் அடியில் நிற்கும். சின்னக் கன்றுகளுக்குச் சருகு போடும்போது தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறிவிடும்.

அப்புறம் தண்ணீர். வெயில் ஏறுகிறதே என்று பயந்து தினமும் ஒரு குடம் மேலாக ஊற்றினால் வேர் மேல் மண்ணிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும், இரண்டு நாள் மோட்டார் ஓடாவிட்டால் செடி தொங்கிப் போகும். இடைவெளி விட்டு, ஊற்றுகிற அன்று ஆழமாக இறங்குகிற மாதிரி ஊற்றுவதுதான் நல்லது. முருங்கையும் மாமரமும் வேறு கணக்கு. முருங்கை பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரத்தில் வாய்க்காலைத் திருப்பிவிட்டுத் தேங்கவைத்தால் காலையில் பூவெல்லாம் தரையில் கிடக்கும். மா பட்டாணி அளவு பிஞ்சு பிடிக்கிற வரைக்கும் தண்ணீர் கட்டாமல் பொறுத்திருங்கள்.

பந்தல் போட்டவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: பீர்க்கன், பாகல், சுரை எல்லாம் பூக்கிறது, காய்க்கவில்லை, என்ன மருந்து அடிப்பது? மருந்தே வேண்டாம். முதலில் வருவது ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். வெயில் கடுமையாக இருக்கும்போது ஆண் பூ இன்னும் அதிகமாக வரும். பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அதுதான் பெண் பூ. இது தெரியாமல் பயந்துபோய் காலை ஏழு மணிக்கு மருந்து அடிக்கிறார்கள், அந்த நேரத்தில்தான் தோட்டம் முழுக்கத் தேனீ சுற்றுகிறது. தேனீ செத்தால் பெண் பூ வந்தும் பிரயோஜனமில்லை. ஏதாவது தெளித்தே ஆக வேண்டும் என்றால் பொழுது சாயும் நேரத்தில், வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும்கூட, பூவில் படாமல் தெளியுங்கள்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக மாறினால் உரம் போட்டுத் தேற்றலாம் என்று வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது வெள்ளை ஈ பரப்புகிற நச்சுயிரி நோய், கோடையில்தான் அதிகம். ஒரு செடியில் கண்டதும் பிடுங்கி அப்புறப்படுத்தினால் மற்ற வரிசையாவது தப்பும்.

கோழி விஷயத்துக்கு வருகிறேன். நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, அறுக்கலாம் என்று வளர்த்த கோழிகள் பங்குனியில் வரிசையாகக் கழுத்தைத் திருகிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து சாவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். வெள்ளைக் கழிச்சல் வந்த பிறகு மருந்து தேடிப் பயனில்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் தடுப்பூசி, அந்த ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து, இவ்வளவுதான். தடுப்பு மருந்தை வெயிலில் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தால் வீண், ஐஸ் போட்ட டப்பாவில்தான் கொண்டுவர வேண்டும். சந்தையில் வாங்கின கோழியை அன்று ராத்திரியே நம் கூண்டில் அடைக்கவும் கூடாது, இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பாருங்கள்.

ஒரு கோடை மழை பெய்ததும் நாற்றுப் பண்ணைக்கு ஓடி மரக்கன்று வாங்கி வந்து நடுவது இன்னொரு அவசரம். அந்த ஈரம் பத்து நாள் தாங்காது. இப்போது குழியை மட்டும் வெட்டி வெயிலில் ஆறப்போடுங்கள், கன்றை ஐப்பசி மழையோடு வையுங்கள். கோடை மழை ஈரத்தில் மானாவாரிக் காட்டைச் சரிவுக்குக் குறுக்கே ஒரு ஓட்டு ஓட்டிவிட்டால், மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் கொக்கு மைனாவிடமும் போய்விடும். சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னது இந்த உழவைத்தான்.

அதே மழைக்கு, அறுத்து விட்ட சோளக் காட்டில் தூர் பச்சைப் பசேல் என்று துளிர்க்கும். இரண்டு மாதமாகக் காய்ந்த தட்டையே கடித்துக்கொண்டிருந்த மாட்டை அதில் அவிழ்த்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். தயவுசெய்து விடாதீர்கள். இளஞ்சோளத்திலும், காய்ந்து மறுபடி துளிர்த்த சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கிறது. கொஞ்சம் மேய்ந்தாலே மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி, டாக்டர் வருவதற்குள் மாடு விழுந்துவிடும். சோளம் பூ எடுத்த பிறகு அறுத்துப் போடுங்கள். அதுவரை அந்தக் காட்டு வாசல் படலை நன்றாகக் கட்டி வையுங்கள், கன்றுக்குட்டி நுழைகிற சந்துகூட இருக்கக் கூடாது.