வீட்டுப் பேச்சில் கிடக்கும் மலையகச் சொற்களை எழுதி வைப்பது எப்படி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் பேசும் சொற்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கொப்பியும் பேனையுமாக எதிரில் உட்கார்ந்து, “அம்மாயி, அந்தக் காலத்துச் சொல்லெல்லாம் சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். யாருக்கும் ஒன்றும் நினைவுக்கு வராது. நமக்குத்தான் அவை அபூர்வம். அவர்களுக்கு அது வேலைக்குப் போய்வந்த பேச்சு. அதனால் வேலையைப் பற்றிக் கேளுங்கள். விடியற்காலையில் எழுப்பியது யார், எங்கே போய் நின்றீர்கள், யார் பெயர் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் தப்பு என்கிற பறையின் சத்தமும் பெரட்டுக்களமும் தாமாக வந்து விழும். ஆங்கிலத்துப் ‘பரேட்’தான் நம் வாயில் பெரட்டு ஆனது. ஆட்களை நிறுத்தி, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற இடம் பெரட்டுக்களம். அந்த ‘மலை’யையும் குறித்துக்கொள்ளுங்கள். அது சிகரம் அல்ல, இலக்கம் போட்ட ஒரு தேயிலை நிலம். “இன்னைக்கு அஞ்சாம் நம்பர் மலையில கொழுந்து” என்பது தோட்டத்தில் பிறக்காதவருக்குப் பாதிதான் புரியும்.

பொருள் கையில் இருந்தால் இன்னும் நல்லது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் அம்மாயி பென்சன் எடுக்கும்வரை கொழுந்து பறித்தவர். ‘மட்டக்கம்பு என்றால் என்ன’ என்று கேட்டபோது, “கம்புதான், வேறென்ன” என்று முடித்துவிட்டார். நேரான குச்சி ஒன்றை வெட்டிக் கையில் கொடுத்தேன். வேலியோரத்துத் தேயிலைச் செடியின் தலையில் அதைப் படுக்க வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பார்த்தார். “இந்தா, இதுக்கு மேல நிக்கிறத மட்டும் ஒடி. கீழ கைய விட்டா செடி கெட்டுப்போகும்.” பிறகு நிறுத்தவே முடியவில்லை. இடுப்பில் கட்டும் படங்கு, மழைக்குத் தலையில் போடும் கம்பளி, கொழுந்து பறிக்கப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசையான நிரை, நிரை முடிகிற தொங்கல், கொழுந்து நிறுக்கிற மடுவம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மடுவம் சிங்களத்து ‘மடுவ’. கொட்டகை என்று பொருள். கவ்வாத்தை, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவதைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் கவ்வாத்துக் கத்தியையும், முள்ளுக் குத்துவதைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் மண்ணைக் குத்துகிற அந்த இரும்பு முள்ளையும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது முக்கியம்: சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். ‘பேர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பேர் - பெயர்’ என்று எழுதினால் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் விழுவது ஒரு பேர். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். “மழையில நனைஞ்சு நின்னும் அரப்பேருதான் போட்டாங்க.” “இந்த மாசம் எத்தன பேரு?” “அவளுக்குப் பேரு கொறஞ்சுபோச்சு.” இந்த மூன்று வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சொல்லுக்குள் ஒரு வீட்டின் அரிசியும் மாவும் இருப்பது தெரியும். அதன் பக்கத்திலேயே கைக்காசையும் கொந்தரப்பையும் வையுங்கள். கைக்காசு, பேர்க்கணக்கில் சேராமல் பறித்த கிலோவுக்குக் காசாகக் கிடைப்பது. கொந்தரப்பு, ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் வேலை. இவற்றைச் சொல்லும்போது குரல் எப்படி மாறுகிறது என்று கேளுங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். காதில் விழுந்தபடி ஒரு முறை, எழுத்து வழக்கில் ஒரு முறை: புள்ளக்காம்பரா, பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. அப்புறம் வேறொரு தோட்டத்துக்காரரிடமும் கேளுங்கள். அவர் அதையே பிள்ளைமடுவம் என்பார். இரண்டும் சரி, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள். ‘பணிய லயம்’ என்றால் கீழே இருக்கும் லயம், அதாவது கீழே இருக்கும் வரிசை வீடு என்று நம் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது.

சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை, மிகுந்த கவனம் வேண்டிய வேலையும் அதுதான். ‘லயம்’ குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் ஒரு குடும்பமே கிடந்ததை நினைத்தால் அந்த விளக்கம் மனதில் தைக்கும். ஆனாலும் தோட்டத்துரைமார் தாங்களே இந்த வரிசை வீடுகளை ‘லைன்ஸ்’ என்றுதான் எழுதினார்கள். லயன், லயம் என்று நம் வாயில் மாறியது அதுவே என்பது என் முடிவு. மனதைத் தொடுகிறது என்பதற்காக ஒரு விளக்கத்தை ஏற்கக்கூடாது. ஏற்காவிட்டாலும், மக்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை எழுதி வையுங்கள், அதுவும் வரலாறுதான்.

அறை என்கிற காம்பராவும் கள்ளுக்கடை என்கிற தவறணையும் போர்த்துக்கீசம், திண்ணை என்கிற இஸ்தோப்பு ஒல்லாந்து. ஆனால் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் மலைநாட்டுக் கண்டி இராச்சியத்தை ஆண்டதில்லை. 1815இல் அதைப் பிடித்தவர்கள் ஆங்கிலேயர். நம்மவர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தது அதற்கும் பிறகு. ஆகவே இந்தச் சொற்கள் கரையோரப் பேச்சில் ஊறிய பிறகுதான் மலை ஏறியிருக்க வேண்டும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இப்படி ஆண்டுகளைச் சரிபார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பாடப்புத்தகத்தில் தூங்குகிற பிள்ளைகூட விழித்துக்கொள்ளும்.

சில சொற்களின் பொருள் செத்துப்போய், சொல் மட்டும் வேறு வேலை செய்துகொண்டிருக்கும். ‘துண்டு’ இன்று வெறும் துண்டு. ஒரு காலத்தில் அது ஒரு கடதாசி: இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுப்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆட்களைச் சேர்த்து மேய்க்கிற கங்காணி அவர்களை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோவார். கடனும் அவர்கள் கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். வயதானவர்கள் யாராவது தங்கள் பாட்டன் சொன்னதாகத் ‘துண்டு’ என்று பேச்சை எடுத்தால் குறுக்கே பேசாதீர்கள்.

வசைச்சொற்களையும் விடாதீர்கள். ‘தோட்டக்காட்டான்’ என்று நம்மை யார் சொன்னார்கள், எங்கே வைத்துச் சொன்னார்கள், கேட்டவர் என்ன பதில் சொன்னார் என்று எழுத வேண்டும். நல்ல சொற்களை மட்டும் பொறுக்கினால் அது நம் பேச்சு ஆகாது. ஆனால் அந்த நினைவைச் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது, சொன்னவரின் பெயரை அவர் சம்மதிக்காமல் போடக்கூடாது.

போனில் ஒலிப்பதிவு செய்வதானால் முதலில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அன்று இரவே எழுதிவிடுங்கள், தள்ளிப்போட்டால் பாதிச் சொல் யார் சொன்னது என்று தெரியாமல் போகும். மாசி மாதம், மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதும், கூத்து நடக்கிற காமன் பொட்டலுக்குப் போங்கள். கூத்தைப் பார்ப்பதோடு, தப்பைத் தீயில் காய்ச்சுகிறவர்கள் பக்கத்திலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சொற்களை இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.