அச்சில்லாமல் நிறம் ஊற்றாதீர்கள்: சின்ன வகுப்புகளில் இணையக் கூட்டுப் பலகை

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைக்கு என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போனேன். கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறக் கலவையை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமெண்டும் போடுகிறார்கள். "அச்சு வைக்காமல் ஊற்றினால் என்ன ஆகும்?" என்று ஒருவன் கேட்டான். "எல்லாம் ஒரே சேறாகிப் போகும், தம்பி" என்றார் அங்கிருந்த பெரியவர். அந்தச் சேற்றை முந்தைய வாரம்தான் என் வகுப்பில் நான் பார்த்திருந்தேன்.

ஆறு கணினிகள், கணினிக்கு மூன்று பிள்ளைகள். பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய கூகுள் ஸ்லைட்ஸில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, வட்டங்களையும் கோடுகளையும் வைத்து எல்லோரும் சேர்ந்து ஒரு கோலம் போடச் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார்கள். தான் வைத்த புள்ளிகள் கண்ணெதிரே மறைந்ததைப் பார்த்து ஒரு சிறுமி தேம்பி அழுதாள். கோப்பு மெனுவில் உள்ள பதிப்பு வரலாற்றுக்குப் போய்ப் பழைய பக்கத்தை மீட்க முடியும் என்பது அன்று எனக்குத் தெரியாது. வகுப்புக்குள் நுழையும் முன்பே அதை ஒருமுறை செய்து பழகிவிடுங்கள்.

வெறும் பொதுப் பக்கத்தைக் கையில் கொடுப்பதுதான் முதல் தவறு. எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுதான். அழித்த பிள்ளையைக் குறும்புக்காரன் என்று நினைக்காதீர்கள். திரையில் நகர்வது பக்கத்துக் கணினியில் இருக்கும் தோழியின் கை என்பது ஆறேழு வயதில் எளிதில் பிடிபடுவதில்லை. அதனால் இப்போது திரைக்கு முன்பு தரையில் தொடங்குகிறேன். ஒரு சார்ட் தாளை விரித்து நான்கு பேரை வரைய விடுகிறேன். அடுத்தவர் வரைந்ததைத் தொட வேண்டுமானால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். இரண்டு வாரம் இப்படிப் பழகிய பிறகே கணினி. அங்கும் ஒரு குழுவுக்கு ஒரு ஸ்லைடு. அதன் தலையில் அந்தக் குழுவின் அடையாளப் படம். கட்டங்களையும் கேள்வியையும் ஒரே படமாக்கி ஸ்லைடின் பின்னணியில் வைத்துவிட்டால் எந்த விரலாலும் அவற்றை இழுக்க முடியாது. அதுதான் நம் அச்சு.

இரண்டாவது தவறு, தட்டச்சில் தொடங்குவது. தமிழில் 247 எழுத்துகள். 'கொ'வை எழுதும்போதே கொம்பையும் காலையும் எங்கே வைப்பது என்று திணறும் பிள்ளையிடம் விசைப்பலகையைக் கொடுத்தால், அவன் சொல்ல வந்ததே மறந்துபோகும். தாளில் வரையட்டும், எழுதட்டும். அதைப் படமெடுத்துப் பலகையில் ஏற்றுங்கள். பேட்லெட் என்ற இணையப் பலகையில் குரலைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. 'எங்கள் வீட்டுப் பலகாரம்' என்ற பாடத்துக்கு ஒரு சிறுமி தன் அப்பத்தாவின் குரலையே பதிந்து வந்தாள். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியோடு உளுந்தை எப்படி அளப்பது என்று அப்பத்தா சொல்லச் சொல்ல, வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது. பேசவே தயங்கும் ஒருவன் மறுநாள் தன் ஆயாப் பாட்டி செய்யும் சீயத்தைப் பற்றித் தானே பேசிப் பதிந்தான். எழுத்தை மட்டும் கேட்டிருந்தால் இந்த இரண்டுமே எனக்குக் கிடைத்திருக்காது.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றலுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக ஏறும் நிலைகள் இருப்பது நம் ஆசிரியர்களுக்குத் தெரியும். கலந்த குழுவில் மலர் நிலைப் பிள்ளையே எப்போதும் கணினியைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். வேலை அழகாக முடிந்திருப்பதால் நமக்கும் இது கண்ணில் படாது. நான் மணி அடித்து இடம் மாற்றுகிறேன்: ஒருவர் சொல்வார், ஒருவர் செய்வார், ஒருவர் சரிபார்ப்பார்.

பலகையைத் திறக்கும் இணைப்பு (லிங்க்) விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்ற அமைப்போடு பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தந்தை மகள் வரைந்ததைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றால், பார்வைக்கு மட்டுமான இணைப்பு போதும். பேட்லெட்டில் ஆசிரியர் ஒப்புதலுக்குப் பிறகே பதிவு தெரியும்படி வைக்கலாம், வையுங்கள். பிள்ளையின் முழுப் பெயரும் முகமும் பலகையில் வேண்டாம். என் வகுப்பில் ஓலைக் கொட்டான், பணியாரம், மாட்டுவண்டி என்று ஆளுக்கோர் அடையாளம் உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. இணையதளங்களின் வயது வரம்பைத் தாண்டுவதற்காகப் பொய்யான பிறந்த ஆண்டைக் கொடுத்து ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

எல்லோர் முன்னிலும் திருத்துவதும் தவறே. பிள்ளை எழுதிய 'பனியாரம்' என்ற சொல்லின் மேல் நாம் சிவப்புக் குறி போடுவது ஆறு திரைகளிலும் ஒரே நேரத்தில் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு சொல்லலாம். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லும்போதும் இதயக் குறியை மட்டும் தட்டிவிட்டுப் போக விடாதீர்கள். "உன் கோலத்தில் எனக்குத் தாமரை தெரிகிறது" என்று பார்த்ததைச் சொல்லப் பழக்குங்கள்.

ஒரே கருவியை நம்பி ஆண்டு முழுவதும் உழைப்பதும் ஆபத்து. கூகுளின் கூட்டுப் பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பக்கங்களைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கி வையுங்கள். நான் அவற்றை அச்செடுத்து வகுப்பின் குறுக்கே கட்டிய கயிற்றில் மாட்டுகிறேன். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டு அப்பத்தாக்கள் பேரப்பிள்ளையை அழைத்துப் போக வரும்போது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.